பழைய ஃபோனும் புதிய ஆண்ட்ராய்டும்

போகோ எஃப்1 ஃபோன் 2018 ஆகஸ்டில் இந்தியாவில் அறிமுகமானபோது அதன் தொடக்க விலை 20,999 ரூபாய். பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ஷாவ்மி இந்தியா அதை வெளியிட்டது. அதே ஊரின் ஃபிளிப்கார்ட் இணையத்தில் விற்றது. உள்ளே இருந்தது குவால்காமின் ஸ்னாப்டிராகன் 845. அந்த ஆண்டின் மிக வேகமான சில்லுகளில் ஒன்று. கூடவே 6 ஜிபி ரேம், 4000 எம்ஏஎச் பேட்டரி. ஆண்ட்ராய்டு 8.1-உடன் வந்த அந்த ஃபோனுக்கு நிறுவனம் 9, 10 ஆகிய பதிப்புகளைத் தந்துவிட்டு நிறுத்திக்கொண்டது. அதே ஃபோனில் இன்று ஆண்ட்ராய்டு 14 ஓடுகிறது. ஓட வைத்தவர்கள் லீனியேஜ் ஓஎஸ் என்ற திறமூலத் திட்டத்தின் தன்னார்வலர்கள். சில்லும் ரேமும் பழையவைதான். மென்பொருள் மட்டும் மாறியது.

நிறுவனம் கைவிட்ட நாளுக்கும், வன்பொருள் உண்மையிலேயே ஓய்ந்துபோகும் நாளுக்கும் நடுவில் இப்படிப் பல ஆண்டுகள் இருக்கின்றன. பழைய ஃபோனின் மென்பொருளை மாற்றுவதும் புதுப்பிப்பதும் அந்த ஆண்டுகளை மீட்டெடுக்கும் வேலை. எந்த ஃபோனில் அது முடியும், எதில் முடியாது என்பதை ஃபோனின் வயதோ விலையோ தீர்மானிப்பதில்லை. அதன் மென்பொருள் அடுக்குகளில் எவை திறந்திருக்கின்றன, எவை பூட்டிக் கிடக்கின்றன என்பதே தீர்மானிக்கிறது.

பொத்தானை அழுத்தியதும் முதலில் ஓடுவது சில்லுக்குள்ளேயே பொறித்துவைத்த ஒரு சிறு நிரல். அதை யாராலும் மாற்ற முடியாது. அது பூட்லோடரை எழுப்புகிறது. தான் ஏற்றப்போகும் இயங்குதளத்தில் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று பூட்லோடர் சரிபார்த்துவிட்டு, கர்னலை ஏற்றுகிறது. ஆண்ட்ராய்டின் கர்னல் லினக்ஸ்தான். நினைவகம், திரை, தொடுதல், மின்சாரம் எல்லாவற்றையும் ஆள்வது அது. கர்னலுக்கு மேலே, சில்லு நிறுவனமும் உதிரிபாக நிறுவனங்களும் தந்த இயக்கிகள் இருக்கின்றன. கேமரா, மோடம், வரைகலை, கைரேகை உணரி ஆகியவை வேலை செய்வது இவற்றால். இவற்றின் மூலநிரல் வெளியே வருவதில்லை; இயந்திரம் மட்டும் படிக்கக்கூடிய இருமக் கோப்புகளாகவே கிடைக்கும். அதற்கும் மேலேதான் கூகுள் ஆண்டுதோறும் திறமூலமாக வெளியிடும் ஆண்ட்ராய்டு. உச்சியில் அந்தந்த நிறுவனத்தின் தோற்றமும் செயலிகளும்: ஷாவ்மிக்கு எம்ஐயுஐ, சாம்சங்குக்கு ஒன் யுஐ.

ஃபோனுக்கு முதுமை வருவது பெரும்பாலும் நடுவிலுள்ள அந்த இயக்கி அடுக்கில்தான். சில்லு நிறுவனம் தன் இயக்கிகளைச் சில ஆண்டுகள் மட்டுமே புதுப்பிக்கும். அதன் பிறகு வரும் ஆண்ட்ராய்டு பதிப்புக்குப் பழைய இயக்கிகளைப் பொருத்துவது ஃபோன் நிறுவனத்தின் செலவு. ஏற்கெனவே விற்றுத் தீர்ந்த மாடலுக்கு அந்தச் செலவைச் செய்ய வணிகக் காரணம் எதுவும் இல்லை. கர்னலும் காத்திருப்பதில்லை. போகோ எஃப்1-இல் இருப்பது லினக்ஸ் 4.9 வரிசை, அதன் பராமரிப்பை லினக்ஸ் சமூகம் 2023 ஜனவரியில் முடித்துவிட்டது.

இந்தச் சிக்கலைத் தளர்த்தக் கூகுள் 2017-இல் ஆண்ட்ராய்டு 8.0-உடன் ‘ட்ரெபிள்’ என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. இயக்கிகள் தனிப் பிரிவில், ஆண்ட்ராய்டு தனிப் பிரிவில். இரண்டும் பேசிக்கொள்ள நிலையான இடைமுகம் ஒன்று. மேலே உள்ளதை மாற்றினாலும் கீழே உள்ளது அப்படியே இருக்கலாம். 2018-க்குப் பிறகு வந்த ஃபோன்களில் தன்னார்வலர்களின் வேலை எளிதானதற்கு இது முக்கியமான காரணம். முயன்றால் அதற்கு முந்தைய ஃபோன்களிலும் முடியும் என்பதை நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் காட்டியது. 2015 இறுதியில் வந்த ஃபேர்ஃபோன் 2-இன் சில்லுக்குக் குவால்காமின் ஆதரவு முடிந்த பிறகும், அந்தச் சிறு நிறுவனம் அதை ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுவந்து, 2023 மார்ச் வரை மென்பொருள் ஆதரவு தந்தது.

தமிழ் வாசகர்கள் ஆண்ட்ராய்டில் கைவைக்கத் தொடங்கியதற்குக் காரணம் வேகமோ அழகோ இல்லை, எழுத்து. தொடக்கக் கால ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே கிடையாது. தமிழ் இணையதளம் ஒன்றைத் திறந்தால் வரிசையாகக் கட்டங்கள் தெரியும். ஓப்பரா மினி உலாவியின் அமைப்புப் பக்கத்தில், சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பச் சொல்லும் ஒரு தேர்வு மறைந்திருந்தது. அதை இயக்கிவிட்டுத் தமிழ் படித்தவர்கள் ஏராளம். அடுத்த வழி ரூட் செய்வது. அதாவது, சாதாரணப் பயனருக்கு மறுக்கப்பட்ட நிர்வாகி உரிமையைப் பெற்று, ஃபோனின் சிஸ்டம் பிரிவிலுள்ள எழுத்துருக் கோப்பை எடுத்துவிட்டுத் தமிழ் எழுத்துள்ள கோப்பை அங்கே வைப்பது. கட்டங்கள் மறைந்தன, ஆனால் ‘கொ’ எழுத்து உடைந்து வந்தது. காரணம், எழுத்துரு மட்டும் போதாது. ககர மெய்யும் ஒகர உயிரும் சேரும்போது கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். இதைக் கணக்கிட்டு வரிசைப்படுத்தும் வரைவு இயந்திரம் அன்றைய ஆண்ட்ராய்டில் இந்திய மொழிகளுக்கு இல்லை. 2011 இறுதியில் வந்த ஆண்ட்ராய்டு 4.0 வரிசையில்தான் லோகித் தமிழ் எழுத்துருவும் அதற்கான வரைவு வசதியும் இயல்பாகவே சேர்ந்தன. கன்னடம் அதற்கும் அடுத்த பதிப்புகளுக்காகக் காத்திருந்தது. நிறுவனம் அந்தப் பதிப்பைத் தராத ஃபோன்களை வைத்திருந்தவர்கள், தன்னார்வலர்கள் செய்த பதிப்பை ஏற்றித் தாய்மொழியில் படித்தார்கள்.

அந்தத் தன்னார்வப் பதிப்புகளில் பெரியது சயனோஜென்மாட். ஸ்டீவ் கோண்டிக் என்ற அமெரிக்க நிரலாளர் 2009-இல் எச்டிசி ட்ரீம் ஃபோனுக்காகத் தொடங்கியது. 2013-இல் அதைச் சுற்றி ஒரு நிறுவனம் உருவானது. 2014 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் மென்பொருளோடு ஒன்பிளஸ் ஒன் இந்தியாவுக்கு வந்தபோது, இந்தியாவில் அதன் பிரத்யேக உரிமை தங்களுக்கே என்று இந்திய ஃபோன் நிறுவனமான மைக்ரோமேக்ஸ் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. அந்த மென்பொருள் உள்ள ஒன்பிளஸ் ஃபோன்களை விற்க இடைக்காலத் தடை வந்தது. சில நாட்களில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. எல்லோருக்குமாக எழுதிய மென்பொருளின் மேல் இரண்டு வணிக நிறுவனங்கள் நாடு வாரியாக உரிமை கொண்டாடிய விநோத வழக்கு அது. 2016 இறுதியில் சயனோஜென் நிறுவனம் தன் சேவைகளை மூடியது. மூலநிரல் திறந்திருந்ததால் தன்னார்வலர்கள் அதை அப்படியே எடுத்து, அதே மாதத்தில் லீனியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

கையடக்கக் கருவியைத் திறந்த மென்பொருளில் செய்யும் எண்ணம் பெங்களூருவுக்கு அதற்கும் முந்தியது. இந்திய அறிவியல் கழகத்தின் கணினியியல் ஆசிரியர்களும் என்கோர் நிறுவனத்துப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் லினக்ஸில் ஓடியது. அதன் அமிடா வகையை 2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்தது. சந்தையில் அது நிலைக்கவில்லை. இந்திய மொழிகளில் இயங்கும், எவரும் மாற்றி எழுதக்கூடிய கையடக்கக் கணினி என்ற எண்ணம், ஆண்ட்ராய்டு பிறப்பதற்கு முன்பே இந்த ஊரில் வடிவம் பெற்றிருந்தது.

பழைய ஃபோனில் செய்யக்கூடியவற்றில் ஆபத்தில்லாதவை முதலில். அமைப்புகளில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் தேர்வுகள் திறக்கும். அங்கே அசைவூட்ட வேகத்தைப் பாதியாக்கினால் ஃபோன் சுறுசுறுப்பாகத் தெரியும். யு.எஸ்.பி. டீபக்கிங்கை இயக்கிக் கணினியோடு இணைத்தால், ஏடிபி என்ற கருவி வழியாக, நிறுவனம் நீக்க விடாத செயலிகளையும் நீக்கலாம். உண்மையில் அவை அழிவதில்லை. அந்தப் பயனருக்கு மட்டும் இல்லாமல் போகின்றன. ஃபேக்டரி ரீசெட் செய்தால் திரும்பி வந்துவிடும். அதனால் காலி இடம் பெரிதாக அதிகரிக்காது. ஆனால் பின்னணியில் ஓடி ரேமையும் பேட்டரியையும் தின்பது நிற்கும். முகப்புத் திரையை நடத்தும் லாஞ்சரை மாற்றுவது, திறமூலச் செயலிகளை எஃப்-டிராய்டு என்ற களஞ்சியத்திலிருந்து எடுப்பது ஆகியவையும் இந்த வகை. பலருக்கு இதுவே போதும்.

ஆனால் இயங்குதளம் பழையதாகவே இருந்தால் ஒரு கட்டத்தில் வெளியுலகம் கதவைச் சாத்தும். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழைக் கோடிக்கணக்கான இணையதளங்கள் பயன்படுத்துகின்றன. அதன் மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய ஃபோன்களில் இல்லை. பழைய ஃபோன்களுக்காகச் செய்திருந்த மாற்று ஏற்பாடு 2024 செப்டம்பர் 30-ஓடு முடிந்தது. அதன் பிறகு அந்த ஃபோன்களில் பல தளங்கள் ‘பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கையோடு நின்றன. 2025-இல் குரோம் உலாவி ஆண்ட்ராய்டு 8, 9-க்கான ஆதரவை நிறுத்தியது. ஃபோன் உடையவில்லை, பேட்டரி வீங்கவில்லை. ஆனாலும் பயன்பாடு சுருங்குகிறது. இங்கேதான் கஸ்டம் ரோம் என்று மக்கள் சொல்லும் மாற்று இயங்குதளத்தின் தேவை வருகிறது.

அதற்கு முதல் படி பூட்லோடரைத் திறப்பது. திறந்தால் பூட்லோடர் நிறுவனத்தின் கையொப்பத்தை வற்புறுத்தாது; வேறு இயங்குதளத்தையும் ஏற்றும். திறக்கும் கணத்தில் ஃபோனிலுள்ள படங்கள், செய்திகள் அனைத்தும் அழியும். இது குறையல்ல, வேண்டுமென்றே வைத்த காவல். இல்லையென்றால், திருடிய ஃபோனின் பூட்லோடரைத் திறந்து வேறு மென்பொருளை ஏற்றி உள்ளே இருப்பதைப் படித்துவிடலாம். ஆகவே நகல் எடுத்துவைப்பதுதான் எல்லாவற்றுக்கும் முந்தைய வேலை.

திறக்க விடுவதா வேண்டாமா என்பது முழுக்க நிறுவனத்தின் விருப்பம். கூகுளின் பிக்சல் ஃபோன்களில் ஒரே கட்டளையில் திறக்கலாம். வேறு இயங்குதளத்தை ஏற்றிய பின் அதன் சாவியாலேயே மறுபடி பூட்டவும் செய்யலாம். ஷாவ்மி ஃபோன்களில் கணக்கு தொடங்கி, ஃபோனை அதோடு இணைத்து, மாடலைப் பொறுத்துச் சில நாள் முதல் 15 நாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 இறுதியில் எம்ஐயுஐ-க்குப் பதிலாக ஹைப்பர்ஓஎஸ் வந்த பிறகு விண்ணப்பம், ஒதுக்கீடு என்று அது இன்னும் இறுகியது. ஹுவாவே 2018-இல் அடியோடு நிறுத்தியது. சாம்சங் 2025-இல் ஒன் யுஐ 8-உடன் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டது. அதற்கு முன்பும் திறந்த சாம்சங் ஃபோனில் நாக்ஸ் என்ற காவலின் ஃபியூஸ் ஒன்று நிரந்தரமாக எரிந்து, சில வசதிகள் திரும்பவே வராது. சந்தை போகும் திசை மூடுவதை நோக்கியே இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கியவருக்குத் தன் கருவியின் சாவி கிடைக்காமல் போவது பெரிய இழப்பு.

பூட்லோடர் திறந்த பின், ரெக்கவரி என்ற சிறு துணை இயங்குதளத்தை மாற்றி, அதன் வழியாகப் புதிய ரோமை ஏற்றுவார்கள். கடைப் பேச்சில் இது ‘ஃபிளாஷ் பண்றது’. ஒவ்வொரு மாடலுக்கும் தனி ரோம் வேண்டும். பக்கத்து மாடலுடையதை ஏற்றினால் ஃபோன் எழாது. கணினியில் ஒரே விண்டோஸ் வட்டு எல்லா இயந்திரங்களிலும் ஓடுகிறதே, ஃபோனில் ஏன் அப்படி இல்லை என்ற கேள்வி இயல்பு. கணினியில் எந்த வன்பொருள் எங்கே இணைந்திருக்கிறது என்பதை இயந்திரமே இயங்குதளத்துக்குச் சொல்லிவிடும். ஃபோன் சொல்லாது. எந்தக் கம்பியில் எந்தத் திரை, எந்த மின்னழுத்தத்தில் எந்த உணரி என்பதையெல்லாம் விவரக் கோப்பாக எழுதிக் கர்னலோடு தர வேண்டும். ஒரே மாடலுக்குள்ளும் வேறுபாடு உண்டு. போகோ எஃப்1-இல் சிலவற்றில் டியான்மா நிறுவனத்தின் திரை, சிலவற்றில் ஈபிபிஜி நிறுவனத்தின் திரை. வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கர்னலுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த விவரங்கள் இருப்பது நிறுவனத்தின் கர்னல் மூலநிரலில். லினக்ஸ் கர்னல் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால், அதை மாற்றி விற்கும் நிறுவனம் மாற்றிய மூலநிரலையும் தர வேண்டும். போகோ எஃப்1-க்கு ஷாவ்மி அதை வெளியிட்டது. இன்றுவரை அந்த ஃபோனுக்குப் புதுப் பதிப்புகள் வருவதற்கு முதல் காரணம் அதுவே. பத்து ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் இலட்சக்கணக்கில் விற்ற மலிவு விலை ஃபோன்கள் பலவற்றுக்கு மூலநிரல் வெளிவரவே இல்லை. அவற்றை எந்தத் தன்னார்வலராலும் காப்பாற்ற முடியவில்லை. உரிமத்தை மீறுவது சட்டப்படி தவறு என்றாலும், அதைக் கேட்டு வழக்குப் போட யாரும் இல்லாதபோது விதி காகிதத்திலேயே நின்றுவிடுகிறது.

தவறு நேர்ந்தால் ஃபோன் ‘பிரிக்’ ஆகும், செங்கல்லாய்க் கிடக்கும். இந்தியாவில் இது பரவலாக நடந்த காலம் 2018. ரெட்மி நோட் 5 புரோவின் மென்பொருளில், பழைய பதிப்புக்குத் திரும்ப விடாத தடையை ஷாவ்மி சேர்த்தது. பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால், திருடுபவர் அந்தப் பழைய பதிப்பை ஏற்றி உள்ளே நுழையலாம். அதைத் தடுக்கப் பதிப்பின் வரிசை எண்ணைச் சில்லிலுள்ள ஃபியூஸ்களில் எரித்துவைப்பார்கள். அந்த எண்ணுக்குக் கீழே உள்ளதை ஃபோன் ஏற்காது. இதை அறியாமல் பழைய எம்ஐயுஐ-க்குத் திரும்ப முயன்றவர்களின் ஃபோன்கள் உயிரற்றுப் போயின. குவால்காம் சில்லுகளில் இந்நிலைக்கு ஈடிஎல் என்ற அவசர வழி உண்டு. பின்மூடியைக் கழற்றி, பலகையிலுள்ள இரண்டு புள்ளிகளை இணைத்துக் கணினியில் செருகினால், சில்லின் அடிப்படை நிரலோடு நேரடியாகப் பேசி மென்பொருளை எழுதலாம். ஆனால் ஷாவ்மி அதற்கும் அங்கீகரித்த கணக்கு வேண்டும் என்று வைத்துவிட்டது. பெங்களூருவில் எஸ்.பி. ரோட்டிலும் மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட்டிலும் ஃபோன் பழுதுபார்ப்பவர்களின் திறமைக்கு உண்மையான சோதனை இத்தகைய ஃபோன்களில்தான்.

தொடக்கூடாத ஒன்றும் உண்டு. மோடத்தின் அளவுத்திருத்தத் தகவலும், ஃபோனின் அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்ணும் தனிப் பிரிவில் இருக்கின்றன. கவனமில்லாமல் அதை அழித்தால் சிம் வேலை செய்யாது. ஃபிளாஷ் செய்வதற்கு முன்பே அந்தப் பிரிவை நகலெடுத்துவைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். ஐ.எம்.இ.ஐ. எண்ணை வேறு எண்ணாக மாற்றுவது குற்றம். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இரண்டாம் கை ஃபோன் வாங்குபவர்கள் கேஒய்எம் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது களவு போனதாகப் பதிவாகியிருக்கிறதா என்பது தெரியும்.

புதிய ரோம் ஏறிய பின்னும் இந்தியப் பயனருக்குச் சில சோதனைகள் காத்திருக்கின்றன. முதலாவது, குரல் அழைப்பு. 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோவின் வலையில் 2ஜி, 3ஜி கிடையாது. பேசுவதும் 4ஜி தரவு வழியே, வோல்ட்டி முறையில்தான் நடக்கும். மற்ற நிறுவனங்களின் வலையில் வோல்ட்டி இல்லாத ஃபோன் 2ஜிக்கு இறங்கியாவது பேசிவிடும். ஜியோவில் அந்த வழி இல்லை. வோல்ட்டியை நடத்தும் மென்பொருள், சில்லு நிறுவனத்தின் மூடிய இயக்கிகளைச் சேர்ந்தது. அதை எடுத்துப் புதிய ஆண்ட்ராய்டோடு பொருத்துவதில் பிழை வந்தால், இணையம் ஓடும், அழைப்பு போகாது. ஐரோப்பாவில் இருக்கும் நிரலாளர் ஒருவர் தன் ஊர் வலையில் சோதித்து ‘எல்லாம் சரி’ என்று வெளியிட்ட ரோம், பெங்களூருவின் கோரமங்களாவில் ஜியோ சிம்மோடு ஊமையாகிவிடலாம். அதனால்தான் இந்தியாவில் விற்ற மாடலுக்கு இந்தியாவிலேயே பராமரிப்பாளர் இருப்பது பெரிய வாய்ப்பு.

அடுத்தது பணம். யுபிஐ செயலிகளும் வங்கிச் செயலிகளும் ஃபோன் நம்பகமானதா என்று கேட்கின்றன. பல செயலிகள் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சேவை வழியாகக் கேட்கும். அது பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, இயங்குதளம் கூகுள் சான்றளித்ததா என்று பார்த்துச் சொல்கிறது. திறந்த ஃபோன் அங்கே தோற்கலாம். மென்பொருளால் ஏமாற்றித் தப்பும் வழிகள் சில காலம் ஓடின. ஆனால் புதிய ஆண்ட்ராய்டுகளில் இந்தச் சான்று சில்லுக்குள் இருக்கும் சாவியால் கையெழுத்திடப்படுகிறது. அதைப் போலி செய்வது மிகக் கடினம். காய்கறி வண்டியிலும் கியூஆர் அட்டை தொங்கும் ஊரில் யுபிஐ இல்லாத ஃபோனை ஒருவர் முதன்மை ஃபோனாக வைத்துக்கொள்வது கடினம். இங்கே ஒரு முரண் வெளிப்படையாக இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தமே வராத ஐந்தாண்டுப் பழைய நிறுவன மென்பொருளைச் செயலி ஏற்கிறது. சென்ற மாதத் திருத்தம் வரை சேர்த்த லீனியேஜ் ஓஎஸ்-ஐ மறுக்கிறது. பாதுகாப்பை அளப்பதாகச் சொல்லி இந்தச் சோதனை பெரும்பாலும் அளப்பது நிறுவன முத்திரையை மட்டுமே. வங்கிகள் மறுபரிசீலனை செய்ய வேண்டிய இடம் இது.

மற்றவை சிறிய இழப்புகள். பூட்லோடர் திறந்தால் சில ஃபோன்களில் ஓடிடி படங்கள் உயர் தெளிவில் வராது. நிறுவனத்தின் கேமராச் செயலியில் இருந்த பட மெருகேற்றல் போய்விடும். ரேம் 2 ஜிபி மட்டுமே உள்ள ஃபோனில் ஆண்ட்ராய்டு 14 ஏற்றுவது வீண் வேலை. அதற்குப் பழைய, இலேசான பதிப்பே நல்லது.

பாதுகாப்பைப் பற்றிச் சற்று நேர்மையாகவே பேச வேண்டும். ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை அம்பலமான பின், 2015 ஆகஸ்டில் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. தன்னார்வலர்கள் அவற்றை ஆண்ட்ராய்டு அடுக்கில் சேர்க்க முடியும். கர்னலிலும் ஓரளவு முடியும். மோடத்தின் உள் மென்பொருள், மூடிய இயக்கிகள் ஆகியவற்றில் முடியாது. லீனியேஜ் ஓஎஸ் இதை மறைப்பதில்லை. அமைப்புகளில் ஆண்ட்ராய்டின் திருத்தத் தேதி ஒரு வரியிலும், இயக்கிப் பிரிவின் திருத்தத் தேதி இன்னொரு வரியிலும் தெரியும். பழைய ஃபோனில் முதலாவது சென்ற மாதமாகவும், இரண்டாவது பல ஆண்டுகளுக்கு முந்தியதாகவும் இருக்கும். கைவிடப்பட்ட நிறுவன மென்பொருளைவிட இது மேல். புதிய ஃபோனுக்கு நிகர் ஆகாது. பூட்லோடர் திறந்தே கிடப்பதால், ஃபோனைக் கையில் எடுத்தவர் மென்பொருளை மாற்றிவிடும் ஆபத்தும் இருக்கிறது. தேவையில்லாமல் ரூட் செய்துவைப்பது அந்த ஆபத்தைப் பெருக்கும். லீனியேஜ் ஓஎஸ் இயல்பாக ரூட் இல்லாமலே வருவது அதனால்தான்.

மூடிய இயக்கிகளின் பிடியிலிருந்து விடுபட இன்னொரு பாதை உண்டு: ஃபோனின் வன்பொருளை லினக்ஸின் பொதுக் கர்னலிலேயே சேர்த்துவிடுவது. அப்படிச் சேர்ந்த ஃபோன் தனக்கென நின்றுபோன 4.9-ஐ நம்பியிருக்க வேண்டியதில்லை. உலகம் முழுவதற்குமான புதிய கர்னலே அதிலும் ஓடும். போகோ எஃப்1 இந்த வகையில் முன்னே நிற்கிறது. லினாரோ அமைப்பின் பொறியாளர்களும் தன்னார்வலர்களும் செய்த வேலையால், பெரிலியம் என்ற அதன் குறிப்பெயரிலேயே, இரண்டு திரைகளுக்கும் தனித்தனி விவரக் கோப்புகள் பொதுக் கர்னலில் இடம்பெற்றிருக்கின்றன. 2017-இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், ஃபோனுக்குப் பத்தாண்டு ஆயுள் என்ற இலக்கோடு இந்தப் பாதையில் செல்கிறது. அன்றாடம் பேசவும் படமெடுக்கவும் அது இன்னும் முழுமையாக ஏற்றதல்ல. ஆனால் வீட்டில் சிறு சர்வராகவோ, மாணவர் லினக்ஸ் பழகும் கருவியாகவோ பழைய ஃபோனை மாற்ற அது போதும். எட்டு கோர், 6 ஜிபி ரேம் உள்ள கணினி ஒன்று மேசை இழுப்பறையில் சும்மா கிடக்க வேண்டியதில்லை.

சட்டம் மெல்ல இந்தப் பக்கம் திரும்புகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-இல் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு ஆதரவு அறிவித்தன. இரண்டும் விலை உயர்ந்த ஃபோன்கள். 10,000 ரூபாய் ஃபோன் வாங்குபவருக்கு அந்த உறுதி எட்டவில்லை. இந்தியாவில் 2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, இணையதளமும் தொடங்கியது. 2025 மேயில், ஃபோன்களுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் பழுதுபார்ப்புக் குறியீடு தரலாம் என்ற பரிந்துரை அரசிடம் வந்தது. 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகள், தயாரித்த நிறுவனம் தன் பொருளின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்கின்றன. பெங்களூருவுக்கு வெளியே தாபஸ்பேட்டையில் இ-பரிசரா போன்ற நிலையங்கள் பழைய பலகைகளிலிருந்து உலோகங்களைப் பிரித்தெடுக்கின்றன. அது தேவையான வேலை. ஆனால் ஒரு ஃபோன் தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே நடந்துவிடுகிறது. உடைத்து உலோகம் எடுப்பதால் அது திரும்பாது. இன்னும் மூன்று ஆண்டு பயன்படுத்தினால், புதிதாக ஒன்றைச் செய்யும் தேவை தள்ளிப்போகும்.

பழுதுபார்க்கும் உரிமை பற்றிய பரிந்துரைகள் விதியாக மாறும்போது ஒரு வரி அவற்றில் இடம்பெற வேண்டும்: எந்த நிறுவனமும் ஒரு மாடலுக்கான ஆதரவை நிறுத்தும் நாளில், அதன் பூட்லோடரைத் திறக்கும் வழியையும் முழுமையான கர்னல் மூலநிரலையும் வாங்கியவர்களுக்குத் தந்துவிட வேண்டும். அதுவரை, ஃபோன் வாங்கப்போகிறவர்கள் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு, எத்தனை ஆண்டுக்குத் திருத்தம் வரும், பூட்லோடர் திறக்குமா, லீனியேஜ் ஓஎஸ் பட்டியலில் இந்த நிறுவனத்தின் மாடல்கள் இருக்கின்றனவா என்பதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.